ஜன்னல் வழியாகக் குதித்தவளின் செருப்பு

அந்த இளவரசி கல்யாணத்தன்று ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியபோதுதான் என்னோடு வேலை பார்த்த அக்கா எப்பேர்ப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தும், வாயில்லாப் பூச்சி என்றுதான் நினைத்து வைத்திருந்தேன்.

இளவரசி என்றதும் யாரோ என்னவோ என்று நினைக்க வேண்டாம். செல்போனில் பார்க்கிற கார்ட்டூன் தொடர்தான். கார்ட்டூன் என்றாலும் குழந்தைகளுக்கானது இல்லை. மலை உச்சியில் ஓர் அரண்மனை, எப்போது பார்த்தாலும் கால் வீங்கிப்போய்க் கத்திக்கொண்டிருக்கும் ஒரு ராஜா, பூனை அளவே இருக்கிற ஒரு டிராகன். அது தும்மினால் தீ வரும். ராஜாவின் மகள் சொன்ன பேச்சு கேட்கமாட்டாள். குடிப்பாள், சூதாடுவாள், அப்பாவைப் பார்த்து வாய்க்கு வந்ததைப் பேசுவாள். என் வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்து எனக்கும் பிடித்துப்போனது. தனியாகப் பார்த்துச் சிரிக்க மனசு வராமல் அக்காவையும் இழுத்துக்கொண்டேன்.

மதியம் சாப்பிடும்போது ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு பார்ப்போம். பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்குப் பாதி புரியும், மீதியை நானே இட்டுக்கட்டிச் சொல்வேன். அன்று இளவரசிக்குக் கல்யாணம். பக்கத்து நாட்டு இளவரசன் ஒருத்தன் அசட்டுச் சிரிப்போடு மோதிரத்தை நீட்டுகிறான். அவள் "முடியாது!" என்று ஒரு கத்து கத்திவிட்டு, கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் ஏறிக் குதித்தாள். கீழே ஒரு வைக்கோல் வண்டி. அதில் விழுந்து புரண்டு எழுந்து காட்டுக்குள் ஓடியே போய்விட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. திரும்பிப் பார்த்தால், அக்கா தக்காளிச் சோற்றுக் கவளத்தைப் பாதி வழியில் நிறுத்தி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"கால்ல செருப்பு போட்டுகினாளா?" என்றாள்.

"இன்னாக்கா?"

"குதிச்சாளே, செருப்போட குதிச்சாளா, வெறுங்காலா? காட்டுல முள்ளு இருக்காது?"

"அக்கா, இது கார்ட்டூன்."

"கார்ட்டூன்னா முள்ளு குத்தாதா?"

திரும்பப் போட்டுப் பார்த்தோம். வெறுங்கால்தான். எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. அக்கா அத்தோடு விடவில்லை. கல்யாணத்துக்கு ஆக்கி வைத்த சோறு என்ன ஆச்சு, ஊர் ஜனத்துக்குப் போட்டார்களா, கொட்டினார்களா? வைக்கோல் வண்டிக்காரன் வீட்டு மாடு அன்றைக்கு என்ன தின்னும்? துணிமணி ஏதாவது எடுத்துக்கொண்டாளா? கையிலே ஆதார் கார்டு மாதிரி ஏதாவது இருந்ததா, இல்லை போகிற இடத்தில் யாரென்று கேட்டால் என்ன சொல்வாள்? கை கழுவப் போகும்போதும் கேட்டுக்கொண்டே போனாள். அன்று சாயங்காலம் வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆரணியில் பெரிய கடை ஒன்றின் மாடியில் எங்களுக்கு வேலை. கீழே பட்டுப்புடவை விற்பனை, மேலே டிசைன் ரூம். பட்டுப்புடவை டிசைன் என்றால் காகிதத்தில் பூ வரைவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக நிரப்புகிற வேலை அது. ஒரு கட்டம் என்றால் தறியில் ஒரு இழை. நாங்கள் நிரப்பிக் கொடுத்ததை மிஷின் அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்தித் தரும். அந்த அட்டை தறிக்கு மேலே ஏறினால், என்ன நிரப்பினோமோ அதை அப்படியே நெய்யும். மயில் என்றால் மயில். மயிலுக்கு ஒரு கண் விட்டுப்போனால் குருட்டு மயில். தறி கேள்வி கேட்காது.

அக்கா அதற்கும் சேர்த்துக் கேட்பாள்.

கேட்பாளே தவிர, யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. அதுதான் விசேஷம். முதலாளி வந்து, "ஏம்மா, இந்த பார்டர சாயந்தரத்துக்குள்ள முடிச்சிடு" என்பார். நானாக இருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அக்கா, "சரிங்க. நடுவுல கரண்டு போனா இன்னா பண்றதுங்க?" என்பாள். முதலாளி யோசிப்பார். "சரி, நாளைக்குக் குடு" என்று போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால், "வரேங்க. கடையத் தொறக்கறது யாருங்க?" ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்க யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே ஞாபகம் வரும். இது தந்திரமா, இல்லை நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாளா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அந்த முகத்தில் கள்ளம் தேடிப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

ஒரு தடவை முதலாளியின் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். நாங்கள் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதலாளி பேத்தியோடு மாடி ஏறி வந்து, "அட, பொம்ம படமா? பாப்பா, அக்காங்ககூட ஒக்காந்து பாரு" என்று விட்டுவிட்டார். திரையில் இளவரசி சாராயக்கடை மேஜைமேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கை சோற்றில் இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது. அக்கா நிதானமாக, "பாப்பா, டிராகனுக்குத் தும்மல் வந்தா எந்த மாத்திர குடுக்கலாம்?" என்று கேட்டாள். பேத்தி திரையை விட்டுத் திரும்பிவிட்டாள். சிரப்பா மாத்திரையா, டிராகனுக்கு ஊசி போட்டால் வலிக்குமா, தும்மும்போது கைக்குட்டை எரியாதா என்று இருவரும் தீவிரமாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் முழங்கையால் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அக்கா என்னைவிடச் சில வயது பெரியவள். அப்பா இல்லை. அம்மா, அண்ணன், அண்ணி என்று ஒரே வீடு. வயது முப்பதைத் தாண்டிவிட்டதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் கல்யாணம் ஒரு பேஜாராக ஆகியிருந்தது. வருகிற இடமெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போகும். கடைசியில் போளூர் பக்கம் ஒரு இடம் அமைந்தது. உரக்கடை வைத்திருக்கிறவர். முதல் மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரே ஒரு பேச்சு, கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது. அண்ணன் அதற்கென்ன என்று தாம்பூலம் மாற்றிவிட்டு வந்துவிட்டார்.

இதை அக்கா எனக்கு ஒரு தாமரைக்கு இதழ் நிரப்பிக்கொண்டே சொன்னாள்.

"உங்களுக்குப் புடிச்சிகீதாக்கா?" என்றேன்.

"நல்ல எடம்தானாம்."

"அது இல்லக்கா. உங்களுக்குப் புடிச்சிகீதா?"

மவுஸை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இந்த வேலைய உட மனசு வரல. புடிக்கலன்னா அத எப்பிடி சொல்றது?" என்று கேட்டாள். வழக்கம்போல அதுவும் கேள்விதான். ஆனால் நிஜமாகவே வழி கேட்கிறவள் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிற ஜனங்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "இளவரசி மாதிரி முடியாதுன்னு கத்துங்கக்கா!" என்றேன்.

"கத்திட்டு எங்க போறது? அவளுக்கு அடுத்த எபிசோடு கீது."

நானும் விடாமல், "சும்மா ஒரு வாட்டி சொல்லித்தான் பாருங்களேன். இங்க யாரு இருக்கா? எங்க, முடியாதுன்னு சொல்லுங்க" என்றேன். அக்கா வாயைத் திறந்தாள். உதடு குவிந்தது. பிறகு, "இப்ப எதுக்கு சொல்லணும்?" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கத் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் அவள் பழைய எபிசோடையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். "அவ கத்தற எடம் மட்டும் போடு" என்பாள். இளவரசி கத்துவாள், ஏறுவாள், குதிப்பாள். அக்கா கண்கொட்டாமல் பார்ப்பாள். இளவரசி கத்தும்போது அவள் முகத்தை அக்கா பார்க்கவில்லை என்பதை நான் கவனித்தேன். படத்தின் கீழ் ஓரத்தையே, அந்த வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதற்கு நடுவில்தான் பல்லக்கு முந்தானை வந்தது. முகூர்த்த சீசனுக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். முந்தானை முழுக்கக் கல்யாண ஊர்வலம். முன்னால் யானை, அதற்குப் பின்னால் நாதஸ்வரக்காரர்கள், நடுவில் பல்லக்கில் இளவரசி, பின்னால் சாமரம் வீசுகிற பெண்கள். இளவரசியை வரைவதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டு என்று நான் கிண்டல் செய்தேன். யானையும் நாதஸ்வரமும் எனக்கு, பல்லக்கு அக்காவுக்கு என்று பிரித்துக்கொண்டோம். பல்லக்கு ரொம்ப அழகாக வந்தது. தூக்குகிறவர்களின் தோளில் துண்டு வரைக்கும் போட்டிருந்தாள். தோள் வலிக்காதா என்று அவளே கேட்டு அவளே போட்ட துண்டு.

முதலாளி பார்க்க வந்தபோது, "சார், பல்லக்க உட்டு எறங்கறப்போ இந்தப் பொண்ணு கால்ல இன்னா போட்டுக்கும்?" என்று கேட்டாள்.

முதலாளி கடகடவென்று சிரித்தார். "அது எங்கம்மா எறங்கப் போவுது? முந்தானையிலயே குந்திகினு போவும், அவ்ளோதான்."

"சரிங்க" என்றாள் அக்கா.

அந்தப் புடவை தறியிலிருந்து இறங்கிக் கீழே கடைக்கு வந்ததும் நன்றாகப் போனது. அரக்கு நிறத்தில், பச்சை பார்டரில், முந்தானையின் அகலத்துக்கும் பல்லக்கு வரிசை வரிசையாக ஜரிகையில் மின்னும். நாங்கள் இருவரும் சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கி, யாராவது அதை எடுக்கிறார்களா என்று ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவோம்.

கல்யாணப் புடவை எடுக்க மாப்பிள்ளை வீட்டார் வருவது எங்கள் ஊரில் பாதிக் கல்யாணம். வேன் பிடித்துக்கொண்டு இரண்டு வீட்டு ஜனமும் வந்து கடையில் விரித்த மெத்தையில் உட்கார்ந்துவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எடுத்துப் பிரித்துப் பார்த்து முடிவு செய்வார்கள். கடைசியில் பெண்ணைப் பார்த்து, "புடிச்சிகீதாம்மா?" என்று ஒப்புக்குக் கேட்பார்கள். பெண் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க இஷ்டம்" என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த அத்தனை பெண்களும் அதைத்தான் சொன்னார்கள், நானும் அதைத்தான் சொன்னேன்.

அக்காவுக்குப் புடவை எடுக்க எங்கள் கடைக்கே வந்தார்கள். அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தாள். நான் படிக்கட்டில் நின்றுகொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா பாரியான ஆள், கணீரென்ற குரல். பெட்டி பெட்டியாகப் பிரிக்கச் சொல்லி, கடைசியில் பல்லக்குப் புடவையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "இதான் லட்சணமா கீது. புடிச்சிகீதாம்மா?" என்றார்.

மாப்பிள்ளை, அண்ணன், அண்ணி, அக்காவின் அம்மா, கடைப் பையன்கள், முதலாளி, எல்லோரும் அந்த இரண்டு வார்த்தைக்காகக் காத்திருந்தோம்.

"இந்தப் பல்லக்கு நான் போட்ட டிசைன்ங்க" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, பாரேன்! கைவேல தெரிஞ்ச பொண்ணு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் நான் டிசைன் போடலாங்களா?"

"அங்க எதுக்கும்மா உனுக்கு அந்தத் தொல்ல? நிம்மதியா வூட்டப் பாத்துகினு இரு."

"சரிங்க. காலையில எழுந்து நான் இன்னா செய்யணுங்க?"

அண்ணி அக்காவின் தொடையில் லேசாகத் தட்டினாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கோபமில்லை, பொறுப்பாகக் கேட்கிறாள் என்று சந்தோஷம்தான். சமையல், கடைக்குச் சாப்பாடு அனுப்புவது, அப்புறம் படுத்த படுக்கையாக இருக்கிற மாமனாரைப் பார்த்துக்கொள்வது, உடம்பு துடைத்துவிடுவது, வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது என்று வரிசையாகச் சொன்னார். படுக்கையில் ஒரு மாமனார் இருப்பதை அன்றுதான் நான் கேள்விப்பட்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்தால் அவளும் அன்றுதான் கேள்விப்படுகிறாள் என்று தெரிந்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவங்க. இப்ப அவர யாரு பாத்துக்கறாங்க?"

"ஒரு அம்மாவ வேலைக்கு வெச்சிகீறோம்."

"கல்யாணத்துக்கு அப்புறம் அந்த அம்மா வருவாங்களா?"

"அதான் நீ வந்துடறியே. அப்புறம் அவ எதுக்கு?"

அக்கா தலையை ஆட்டினாள். பிறகு, வைக்கோல் வண்டிக்காரனுக்காகக் கேட்ட அதே குரலில், "அப்போ அந்த அம்மா எங்க போவாங்க?" என்று கேட்டாள்.

மெத்தையில் புடவையைத் தட்டி மடித்துக்கொண்டிருந்த பையன்கூடக் கையை நிறுத்திவிட்டான். அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்ததை நான் பார்த்தேன். மாப்பிள்ளைக்குக் காது வரை சிவந்துவிட்டது. "அம்மா, போதும்" என்று மெல்லச் சொன்னார். எதைப் போதும் என்றார் என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா பல்லக்குப் புடவையை மடியிலிருந்து எடுத்து மெத்தையில் வைத்தார். "இம்மாங் கேள்வி கேக்கற பொண்ணு எங்குளுக்கு ஒத்து வராதுப்பா" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் பதறிப்போனார். கெஞ்சினார், அக்காவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "ஏன் இப்பிடி மானத்த வாங்கற? வேணாம்னா வூட்லயே சொல்லித் தொலைக்க வேண்டிதானே?"

"அண்ணா, நான் எங்க வேணாம்னு சொன்னேன்? கேட்டேன், அவ்ளோதானே?"

அது நூற்றுக்கு நூறு உண்மை. அவள் சொல்லவே இல்லை. வேன் கிளம்பிப் போனது.

இது ஒரு வெற்றி மாதிரி சொல்லிக்கொண்டு போகிறேன், ஆனால் வீட்டில் அவளுக்கு நடந்தது அப்படி இல்லை. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணி தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டு போவாளாம். அம்மா மட்டும் அழுதுகொண்டே பேசுவாளாம். சாப்பாட்டு டப்பா வருவது நின்றது. என் டப்பாவைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். இளவரசியைப் போட்டால், "வேணாம், இன்னொரு நாளைக்கு" என்பாள். நான் கேட்டே விட்டேன்: "அக்கா, நிஜத்த சொல்லுங்க. அன்னிக்குக் கல்யாணத்த நிறுத்தணும்னு கேட்டீங்களா, தெரிஞ்சிக்கணும்னு கேட்டீங்களா?"

"ரெண்டும் வேற வேறயா?" என்றாள்.

பிறகு ஒரு நாள் முதலாளியிடம், "சார், பெங்களூர்ல டிசைன் வேல கேட்டா எனக்குக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். முதலாளி நல்ல மனிதர். மோட்டுவளையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தெரிந்த இடத்துக்குப் போன் போட்டார். லேடீஸ் ஹாஸ்டலில் கதவு எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், தண்ணீர் உப்பா நல்லதா, தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்களா என்று அக்கா அந்தப் போனிலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எதிர்முனையில் இருந்தவர் களைத்துப்போயிருப்பார்.

வேலை கிடைத்துக் கிளம்பின அன்று காலை நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மாவும் வந்திருந்தாள். ஒரு டிராலி பை, தோளில் ஒரு பை, தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கவரில் எலுமிச்சம்பழம். சர்டிபிகேட்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்காமலே தட்டித் தட்டிக் காட்டினாள். என் கண் தானாகக் கீழே போனது. புதுச் செருப்பு போட்டிருந்தாள். வார் வைத்த, கெட்டியான, எத்தனை தூரம் வேண்டுமானாலும் நடக்கிற மாதிரியான செருப்பு. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "அந்த டிராகனுக்கு ஜலதோஷம் செரியாச்சான்னு பாத்து சொல்றியா?" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அது ஒன்றுதான்.

கொஞ்ச காலம் போனில் பேசிக்கொண்டோம். பிறகு எனக்குக் குழந்தை பிறந்தது, நான் வேலையை விட்டேன், அவள் நம்பர் மாறியது, பேச்சு விட்டுப்போனது. நன்றாக இருக்கிறாள் என்று முதலாளி மூலம் கேள்விப்பட்டதோடு சரி. அந்தத் தொடரை நான் கடைசி வரை பார்த்தேன். இளவரசி எல்லாவற்றையும் ஜெயித்துச் சிம்மாசனத்தில் உட்காருகிறாள். எல்லோரும் ஆரவாரம் செய்கிறார்கள். எனக்கு மட்டும், சண்டையில் எரிந்துபோன அந்த அரண்மனையை இனி யார் கூட்டிப் பெருக்குவார்கள் என்றுதான் ஓடியது. அக்கா என்னைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

போன தை மாதம் என் நாத்தனாருக்குக் கல்யாணம். வீட்டுக்கு ஒரே பெண், செல்லமாக வளர்ந்தவள். முகூர்த்தப் புடவை பல்லக்கு டிசைன். இன்னமும் அந்த டிசைன் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறம்தான் மாறியிருக்கிறது. மணமகள் அறையில் நான்தான் அவளுக்குக் கட்டிவிட்டேன். கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் மடித்துப் போட்டு, ஊக்கை வாயில் கவ்விக்கொண்டிருந்தேன். அவள் முந்தானை நுனியை இழுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"அண்ணி, இது இன்னா? பல்லக்குல, அந்தப் பொண்ணு குந்திகீற பலகைக்கு அடியில. எல மாதிரி ரெண்டு."

நான் ஊக்கைக் கையில் எடுத்துக்கொண்டு முந்தானையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். பலகைக்கு அடியில், பக்கத்துப் பக்கத்தில், ஒழுங்காகக் கழற்றி வைத்த மாதிரி ஒரு ஜோடிச் செருப்பு. வார்கூட இருந்தது. பக்கத்துப் பல்லக்கைப் பார்த்தேன். அதிலும் இருந்தது. முந்தானை முழுக்க, ஒவ்வொரு பல்லக்கிலும், சுத்த ஜரிகையில்.

கல்யாணப் புடவையில் செருப்பு என்று தெரிந்திருந்தால் முதலாளி மயக்கம் போட்டு விழுந்திருப்பார். இத்தனை வருஷமாக எத்தனை பெண்கள் அதை உடுத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்திருப்பார்கள், கோயிலுக்குள் போயிருப்பார்கள். போளூர்க்கார அம்மாள் மடியில் போட்டுக்கொண்டு அழகு பார்த்தாரே, அன்றும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் யானைக்குத் தந்தம் வைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா கட்டம் கட்டமாக அதை நிரப்பியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. அவளைப் பார்க்க வேண்டும்போல அவ்வளவு ஏக்கமாக இருந்தது.

"இன்னா அண்ணி, சிரிக்கிறீங்க?"

வெளியே மேளம் கேட்டது. என் மாமியார் கதவைத் தட்டி, "ஜல்தி வாங்கடி, ஐயரு கூப்புடறாரு" என்றார்.

நான் நாத்தனாரின் தோளில் முந்தானையைச் சரிசெய்தேன். ஊக்கைக் குத்தப் போனவள் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"உனக்கு இந்தக் கல்யாணம் புடிச்சிகீதா?"

அவள் திகைத்துப்போனாள். கண்ணாடியில் என்னையே பார்த்தாள். வெளியே மறுபடி கதவைத் தட்டினார்கள். நான் ஊக்கைக் குத்தாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரமானாலும் நிற்பது என்றுதான் இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தில் வெட்கம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது.

"புடிச்சிகீது அண்ணி. நெஜமாவே" என்றாள். பிறகு, "இத எங்கிட்ட யாருமே கேக்கல" என்றாள்.

நான் ஊக்கைக் குத்தினேன்.